ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்: காலையில் பத்து நிமிடச் சோதனை

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் வார்டில் உறுமிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் வருகிறது என்று நம்பிவிடுகிறோம். அந்த உறுமல் காற்றை அழுத்தும் கம்ப்ரசருடையது. காற்றில் 78 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வைப்பதோ உள்ளே இருக்கும் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகள். அவை கெட்டுப்போனாலும் சத்தம் மாறாது. வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: காதை நம்பாதீர்கள்.

நோயாளிக்கு மாட்டியிராத நேரத்தில் இவற்றைச் செய்யுங்கள்.

1. சுவர், திரைச்சீலை எல்லாவற்றிலிருந்தும் ஓர் அடி தள்ளி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

2. பிளக்கைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பெரும்பாலான மாடல்களில் மின்தடை அலாரம் அலற வேண்டும்.

3. பிளக்கை மாட்டி ஓடவிடுங்கள். ஆக்சிஜனுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலில் நேற்றைய நீரைக் கொட்டிக் கழுவி, காய்ச்சி வடித்த நீரைக் குறித்த கோடு வரை ஊற்றுங்கள். இப்போது நோயாளியின் மூக்கில் மாட்டும் கேனுலா குழாயை மடக்கிப் பிடியுங்கள். ஆக்சிஜன் ஓடும் அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டர் குண்டு கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் எங்கோ கசிகிறது. பத்துக்கு எட்டு முறை பாட்டில் மூடி கோணலாகத் திருகப்பட்டிருக்கும். இதற்கா மெக்கானிக்கைக் கூப்பிட்டோம் என்று பிறகு சிரிப்பீர்கள். அளவைப் படிக்கும்போது குனிந்து, கண்மட்டத்தில், குண்டின் நடுவைப் பாருங்கள்.

4. சில நிமிடங்கள் ஓடியபின், வரும் வாயுவில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் அனலைசரால் தூய்மையை அளவிடுங்கள். பாட்டிலைக் கழற்றிவிட்டு நேரடியாக அளக்க வேண்டும். ஈரம் அளவைக் குழப்பும். நல்ல இயந்திரம் 90க்கு மேல் காட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் எல்லை 82 விழுக்காடு. அதற்குக் கீழே போனால் 'பழுது' என்று சீட்டு ஒட்டி வார்டை விட்டே வெளியேற்றுங்கள். மூலையில் வைத்தால் இரவுப் பணியில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். எண்ணை லாக் புக்கில் தேதியோடு எழுதுங்கள்: 94, 93, 90 என்று வாராவாரம் சரிவது அதில்தான் தெரியும்.

5. வாரம் ஒருமுறை வெளி ஃபில்டரை சோப்பு நீரில் அலசுங்கள். முழுக்கக் காயாமல் மாட்டக்கூடாது, ஈரம் ஜியோலைட்டுக்கு எமன். அதனால் மாற்று ஃபில்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஸ்டோர் ரூமில் சும்மா கிடக்கும் இயந்திரத்துக்கும் இதே ஈரம்தான் ஆபத்து. மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துச் சிறிது நேரம் ஓடவிட்டு, மீண்டும் உறை போட்டு வையுங்கள்.