சமூக அறக்கட்டளையிடம் நிதி கேட்பது எப்படி? சிறு தொண்டு அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

சமூக அறக்கட்டளை என்பது ஒரே செல்வந்தரின் பணத்தில் நடப்பதன்று. ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த பலர் வாழும் காலத்திலும் உயில் மூலமாகவும் அளித்த தொகைகளை ஒன்றாகத் திரட்டி, முதலீடு செய்து, அந்த வட்டாரத்தின் பணிகளுக்கே பகிர்ந்தளிக்கும் பொது அமைப்பு அது. இவ்வகையில் முதலாவதை 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் நிறுவினார். கனடாவில் 1921-இல் வின்னிபெக் நகரம் அதைப் பின்பற்றியது. உயில் எழுதியவர் குறித்த நோக்கம் காலப்போக்கில் பொருளற்றுப் போன பிறகும் பணம் அதிலேயே கட்டுண்டு கிடப்பதைக் கண்ட காஃப், அந்தந்தக் காலத்தின் தேவையை அறிந்த உள்ளூர்க் குடிமக்கள் குழு ஒன்று அதைப் பங்கிட வேண்டும் என்று கருதினார். விண்ணப்பிப்பவருக்கு இந்த வரலாற்றிலிருந்து தெரிய வேண்டியது ஒன்றே: உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கு உங்கள் வட்டாரம் தெரியும். எந்த ஊருக்கும் பொருந்தும் பொத்தாம்பொதுவான வாசகங்கள் அவர்களிடம் செல்லாது.

அறக்கட்டளையின் கையிருப்பு முழுவதற்கும் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. அதற்குள் பல நிதிகள் தனித்தனியாக இருக்கும். சில நிதிகளைக் குழுவே தன் விருப்பப்படி வழங்கலாம். சில நிதிகள் கல்வி, முதியோர் நலம், சுற்றுச்சூழல் என ஒரு துறைக்கென ஒதுக்கப்பட்டவை. சில, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்திற்கே எழுதிவைக்கப்பட்டவை. இன்னொரு வகை நிதியில், யாருக்கு வழங்கலாம் என்று நன்கொடையாளரே பரிந்துரைப்பார். பொதுவாக விண்ணப்பங்கள் அழைக்கப்படுவது முதல் இரண்டு வகைகளுக்குத்தான். எனவே எந்த நிதியின் கீழ் விண்ணப்பிக்கிறீர்கள் என்பது தெரியாமல் எழுதத் தொடங்குவது வீண் உழைப்பு.

தகுதியைச் சரிபார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அறக்கட்டளையின் பணி எல்லை, அதாவது அது நிதி வழங்கும் வட்டாரம். உங்கள் அலுவலகம் அந்த எல்லைக்குள் இருப்பது பல இடங்களில் போதாது. பயனாளிகள் அதற்குள் வாழ வேண்டும். அடுத்தது சட்டத் தகுதி. அமெரிக்காவில் பெரும்பாலும் வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்கு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அந்தத் தகுதி இன்னும் கிடைக்காத சிறு குழுக்கள், தகுதியுள்ள வேறொரு அமைப்பை நிதிப் பொறுப்பாளராகக் கொண்டு அதன் வழியாக விண்ணப்பிக்க, பல அறக்கட்டளைகள் இடமளிக்கின்றன. தனிநபர் உதவி, பழைய கடனை அடைத்தல், முன்பே செய்து முடித்த செலவு, தேர்தல் பிரசாரம், மதப் பரப்புரை ஆகியவற்றுக்கு வழக்கமாக நிதி கிடைக்காது.

அடுத்து, முன்பு யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆண்டறிக்கைகளில் இந்த விவரம் இருக்கும். அமெரிக்க அறக்கட்டளையாக இருந்தால், அது வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தின் ‘ஐ’ அட்டவணையில், 5,000 டாலருக்கு மேல் நிதி பெற்ற உள்நாட்டு அமைப்புகளின் பெயரும் தொகையும் நோக்கமும் இடம்பெறும். அப்படிவம் எவரும் பார்க்கக்கூடிய ஆவணம். முதன்முறை பெற்றவர்களுக்குக் கிடைத்த தொகையே நீங்கள் கேட்க வேண்டிய தொகைக்கு நல்ல அளவுகோல்.

இவ்வளவும் பார்த்த பிறகு, எழுதுவதற்கு முன், அறக்கட்டளையின் திட்ட அலுவலரிடம் பேசிவிடுங்கள். பலர் இதைச் சிபாரிசு தேடுவதாக எண்ணிக் கூசுகிறார்கள். அது தேவையற்ற கூச்சம், ஏனெனில் பொருந்தாத விண்ணப்பங்கள் வந்து குவியாமல் இருப்பது அந்த அலுவலருக்கும் நிம்மதி. எங்கள் பணி இந்த விண்ணப்பச் சுற்றுக்குப் பொருந்துமா, எந்த அளவு தொகை பொருத்தமாக இருக்கும், முன்னதாகச் சுருக்கமான விருப்பக் கடிதம் அனுப்ப வேண்டுமா என்ற மூன்று கேள்விகள் போதும்.

விண்ணப்பத்தின் உயிர், தேவையைச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. “எங்கள் பகுதியில் ஏழை மாணவர்கள் கல்வியில் பின்தங்கியுள்ளனர், அவர்களின் எதிர்காலத்தை ஒளிமயமாக்குவதே எங்கள் நோக்கம்” என்று எழுதினால் படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “கடந்த ஆண்டு எங்கள் மாலை வகுப்பில் 40 பேர் சேர்ந்தனர், சராசரியாக வந்தவர்கள் 31 பேர். வராதவர்களின் வீடுகளுக்குச் சென்று கேட்டபோது, இருட்டிய பின் தனியே திரும்ப முடியாததே காரணம் என்று பெரும்பாலோர் கூறினர். எனவே இந்த ஆண்டு வண்டி ஏற்பாட்டுக்கு நிதி கேட்கிறோம்.” இதில் அலங்காரம் இல்லை. குறையை மறைக்காமல் சொல்லி, காரணத்தை விசாரித்து, கேட்கும் பணத்தை அந்தக் காரணத்தோடு இணைத்திருப்பதால் நம்பிக்கை பிறக்கிறது.

விளைவுகளை எழுதும்போது, செய்த வேலையையும் அதனால் நேர்ந்த மாற்றத்தையும் குழப்ப வேண்டாம். 60 வகுப்புகள் நடத்தினோம் என்பது வேலை. தொடக்கத்தில் ஒரு பக்கத்தைத் தடுமாறிப் படித்த மாணவர் ஆண்டிறுதியில் தடையின்றிப் படிப்பது மாற்றம். உங்களால் உண்மையிலேயே அளக்க முடிகிற ஒன்றிரண்டை மட்டும் வாக்களியுங்கள்.

பட்ஜெட்டைப் பொறுமையாகத் தயாரிக்க வேண்டும், ஏனெனில் மதிப்பீட்டாளர்களில் சிலர் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். வாரம் 2 மாலை, 30 வாரம், ஒவ்வொரு மாலையும் 2 மணி நேரம் என்றால் ஓர் ஆசிரியருக்கு 120 மணி நேரம். 3 ஆசிரியர்களுக்கு 360. பட்ஜெட்டிலும் அந்த 360-ஐ மணிநேர ஊதியத்தால் பெருக்கிய தொகைதான் இருக்க வேண்டும். விவரணையில் 3 ஆசிரியர்களும் பட்ஜெட்டில் 4 ஆசிரியர்களும் இருந்தால், நீங்கள் ஏமாற்றுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். கவனமில்லாதவர்கள் என்று நினைப்பார்கள், பணம் தருபவர் பார்வையில் அதுவும் அதே அளவு மோசம். வாடகை, கணக்கர் ஊதியம், மின்கட்டணம் போன்ற நிர்வாகச் செலவில் இந்தத் திட்டத்திற்கு உரிய பங்கை, விதி அனுமதிக்கும் அளவுக்குத் தயங்காமல் சேருங்கள். அதை மறைத்துச் சிக்கனமாகக் காட்டும் அமைப்புகள் பின்னர் ஆண்டின் நடுவில் திண்டாடுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் இடத்தையும் தன்னார்வலர் உழைப்பையும் ரொக்கத்தோடு கலக்காமல் தனி வரிசையில் காட்டுங்கள்.

பதிவுச் சான்று, நிர்வாகக் குழு உறுப்பினர் பட்டியல், அண்மைய நிதி அறிக்கை, நடப்பு ஆண்டின் மொத்த பட்ஜெட் ஆகியவற்றை எப்போதும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். இணையவழிப் படிவங்களில் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். எனவே விடைகளை வேறிடத்தில் எழுதிச் சரிபார்த்த பின் ஒட்டுங்கள். உங்கள் பணியைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரைப் படிக்கச் சொல்லி, எவ்வளவு தொகையை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தி, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

நிதி கிடைக்காவிட்டால், நன்றி தெரிவித்து, குழுவின் கருத்துகளைக் கேளுங்கள். பணப் பற்றாக்குறை மட்டுமே காரணமாக இருந்தால் அடுத்த சுற்றில் மீண்டும் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால், ஒப்பந்தத்தில் உள்ள அறிக்கைத் தேதிகளை அன்றே நாட்காட்டியில் குறித்து, இந்தப் பணத்தின் செலவுச் சீட்டுகளுக்குத் தனிக் கணக்குத் தலைப்பைத் தொடங்குங்கள். ஒரு செலவினத்திலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற நேர்ந்தால், மாற்றுவதற்கு முன்பே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள்.