ஜிஐ கேட்டில் அடித்த சாயம் ஏன் உரிகிறது? பிடித்து நிற்க வைக்கும் முறை, படிப்படியாக

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வீட்டுக்கு வீடு ஜிஐ கேட், ஜன்னல் கிரில், தண்ணீர்த் தொட்டியின் தாங்கி என்று துத்தநாகம் பூசிய இரும்பு ஏதாவது இருக்கும். தீபாவளிக்கு முன் இனாமல் சாயம் அடித்தால் பளபளவென்று நிற்கும். சித்திரை பிறப்பதற்குள் நகத்தால் நெம்பினாலே ஏடு ஏடாகக் கழன்று வரும். அடுத்த முறை விலை கூடிய டின் வாங்கி அடிப்பார்கள், அதுவும் உரியும். கோளாறு பெரும்பாலும் டின்னில் இல்லை. சாயமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய எல்லையில்தான் இருக்கிறது. பொருளறிவியலில் அதை இடைமுகம் என்பார்கள். ஒரு கேட்டை எடுத்துக்கொண்டு, அந்த இடைமுகத்தை எப்படிச் சரியாக அமைப்பது என்று பார்ப்போம்.

உரிந்த துண்டைப் புரட்டிப் பாருங்கள்

பழைய சாயம் உரிந்திருந்தால், சுரண்டி எறிவதற்கு முன் ஒரு துண்டை எடுத்துப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். விரல் வைத்தால் மெழுகு மாதிரி வழவழப்பாகவோ, வெள்ளைத் தூளாகவோ இருந்தால் சாயம் துத்தநாகத்தோடு வினைபுரிந்திருக்கிறது. பின்பக்கம் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்து, கீழே உலோகமும் பளிச்சென்று இருந்தால் எண்ணெயைத் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள். சின்னச் சின்னக் கொப்புளங்கள், குத்தினால் தண்ணீர் வருகிறது என்றால் கீழே உப்பு சிக்கியிருக்கிறது. துண்டின் பின்பக்கத்திலும் கேட்டிலும் சாயம் தெரிந்தால் உலோகத்தோடு பிடிப்பு நன்றாகவே இருக்கிறது, பழைய சாயப் பூச்சுதான் உள்ளுக்குள் பிளந்திருக்கிறது. அங்கே உலோகம் வரை சுரண்ட வேண்டியதில்லை.

முதலில் சொன்னதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது, அதனால் அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பளபளப்பு இனாமல் பெரும்பாலும் ஆல்கைட் வகை. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எஸ்டர் பிணைப்புகளால் கோத்துச் செய்த பிசின் அது. துத்தநாகம் ஈரத்திலும் காற்றிலும் ஆக்சைடாக, ஹைட்ராக்சைடாக மாறும். இவை காரத்தன்மை உள்ளவை. காரம் எஸ்டரை உடைத்தால் கிடைப்பது சவர்க்காரம். எண்ணெயும் காரமும் சேர்த்துச் சவர்க்காரம் காய்ச்சும் அதே வேதியியல், சாயத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் மெதுவாக நடக்கிறது. துத்தநாகச் சவர்க்காரம் மென்மையானது, பிடித்து நிற்கும் வலு அதற்கு இல்லை. அடித்த வாரத்தில் எந்தக் குறையும் தெரியாது. மழை ஊறி, வெயில் காய்ந்து, மாதங்கள் போனபின் பூச்சு மொத்தமாகக் கழலும்.

ஆகவே ஒரு விதியைக் கறாராகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆல்கைட் இனாமலோ, ஆல்கைட் சிவப்பு ஆக்சைடு பிரைமரோ (அடிப்பூச்சோ) துத்தநாகத்தை நேரடியாகத் தொடக்கூடாது. நடுவில் எஸ்டரை நம்பாத பூச்சு ஒன்று வேண்டும். இரண்டு டின்னை ஒன்றாகக் கலந்து அடிக்கும் எப்பாக்சி பிரைமர் நல்லது. ஜிஐ-க்கு என்றே விற்கும் தண்ணீர் அக்ரிலிக் பிரைமரும் சரிதான். புதியவர்களுக்கு அக்ரிலிக் சுலபம், ஆனால் கை படும், வண்டி உரசும் கேட்டுக்கு எப்பாக்சியைத்தான் சொல்வோம்.

தேவையானவை

பாத்திரம் கழுவும் திரவம், நைலான் பிரஷ், அம்மோனியா, 180 மற்றும் 240 எண் உப்புத்தாள், எப்பாக்சி பிரைமர், அதற்குரிய தின்னர், மேல்பூச்சு இனாமல், அளவுக் கோப்பை, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. கேட் செய்த அதே குழாயில் அல்லது தகட்டில் ஒரு சாண் நீளத் துண்டு கிடைத்தால் வாங்கி வையுங்கள். கேட்டோடு சேர்த்து அதற்கும் சாயம் அடித்தால், கடைசியில் சோதனைக்கு மிகவும் பயன்படும் (எப்படி என்று 7-ஆம் படியில் முன்கூட்டியே பாருங்கள்).

1. கழுவுதல்

புது ஜிஐயில் வெள்ளைத் துரு (ஈரத்தில் துத்தநாகத்தின் மேல் படியும் வெள்ளைத் தூள்) வராமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே எண்ணெய் அல்லது குரோமேட் பூச்சு கொடுத்திருப்பார்கள். பழைய கேட்டில் வேறு சேர்ந்திருக்கும்: செம்பனை ஆலையில் நாரையும் ஓட்டையும் எரிக்கும் கொதிகலன் சாம்பல், உர லாரி போகும் பாதையில் பொட்டாசியம் குளோரைடு, அம்மோனியம் சல்பேட் தூசி. கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு சாயத்துக்கு அடியில் மாட்டினால், சவ்வூடு பரவலால் தண்ணீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் எழுப்பும். துடைத்தால் உப்பு போகாது, கழுவினால்தான் போகும்.

முதலில் வெறும் தண்ணீர். பிறகு வெந்நீரில் பாத்திரத் திரவம் கலந்து நைலான் பிரஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், துத்தநாகத்தைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். சவர்க்காரமே மிஞ்சினால் அதுவும் பிடிப்பைக் கெடுக்கும்.

வெள்ளைத் துரு படிந்த இடங்களுக்கு 1 முதல் 2 சதவீத அம்மோனியாக் கரைசல். ரப்பர் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் 25 சதவீத அம்மோனியா கைக்குக் கிடைத்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மி.லி. போதும். வெளியில், காற்று வரும் பக்கம் நின்று, தண்ணீரில் அம்மோனியாவை ஊற்றுங்கள். குளோரின் கலந்த வெளுப்பான் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தால் கேட்டைக் கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். துத்தநாகத்தைத் தின்று, தண்ணீரில் கரையும் உப்பை விட்டுவைக்கும். கழுவுவதற்குக் காரணமான தொல்லையை நாமே உண்டாக்கிக்கொள்வதாகும்.

2. தண்ணீர் சோதனை

காசு செலவில்லாத, ஆனால் பெரும்பாலோர் விட்டுவிடும் சோதனை. கழுவிய பரப்பின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றி அரை நிமிடம் கவனியுங்கள். உடையாத மெல்லிய படலமாகப் பரவி நின்றால் பரப்பு சுத்தம். முத்து முத்தாகத் திரண்டாலோ, படலம் ஓரிடத்தில் கிழிந்து விலகினாலோ அங்கே எண்ணெய் இருக்கிறது.

காரணம் பரப்பு ஆற்றல். 20 டிகிரியில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 73 மில்லிநியூட்டன். சுத்தமான உலோகத்தின் பரப்பு ஆற்றல் அதைவிட மிக அதிகம், ஆகவே தண்ணீர் பரவும். எண்ணெய்ப் படலத்தின் ஆற்றல் சுமார் 30 தான், தண்ணீர் ஒதுங்கும். சாயமும் ஒரு திரவம்தான். பரவி நனைத்தால்தான் மூலக்கூறு தூரத்துக்குள் நெருங்கிப் பிணையும். திரவத் துளி பரப்பைத் தொடும் கோணத்தை வைத்து இந்த நனைதலை விளக்கியவர் தாமஸ் யங், 1805-இல். ஆய்வகத்தில் அந்தக் கோணத்தைக் கேமரா வைத்து அளக்கிறார்கள், வீட்டில் கைப்பேசியைத் துளியின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

3. சொரசொரப்பு

240 உப்புத்தாளால் லேசாக, மினுமினுப்பு மங்கும் வரை மட்டும். பழைய சாயத்தின் ஓரங்களுக்கு 180. அளவு தெரிந்து தேய்க்க வேண்டும்: செய்து முடித்து உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கனத்த கேட்டில் 55 முதல் 85 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை துத்தநாகம் இருக்கும். முன்பே பூசிய தகட்டில் செய்த மெல்லிய சதுரக் குழாயில், இசட்275 தரமாக (இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம்) இருந்தாலும், ஒரு பக்கத்துக்கு சுமார் 20 மைக்ரான்தான். கிரைண்டரை ஓட்டினால் ஒரு நொடியில் போய்விடும். எங்காவது இரும்பு தெரிந்தால் நிறுத்துங்கள்.

பற்றவைத்த மூட்டுகளில் துத்தநாகம் ஏற்கெனவே இல்லை. அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், பற்றவைப்பின் வெப்பமோ அதைவிட அதிகம். கசடையும் தெறித்த குமிழ்களையும் தட்டி எடுத்து, துருவைத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் துத்தநாகச் செறிவு பிரைமர் வையுங்கள்.

பழைய வீடுகளின் சாயத்தில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

4. நேரம் பார்த்தல்

உலோகத்தின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாகவும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் எங்கும் பின்பற்றும் விதி. காலை 7 மணிக்கு, 24 டிகிரி, 95 சதவீத ஈரம் என்றால் பனிப்புள்ளி 23-ஐத் தாண்டும். இரவெல்லாம் வானத்துக்கு வெப்பத்தை விட்ட கேட் அதற்கும் கீழே குளிர்ந்திருக்கும், தொட்டால் நனைவது அதனால்தான். 10 மணிக்கு 30 டிகிரி, 70 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 24, உலோகம் 27-ஐத் தாண்டினால் போதும். ஆகவே 10-லிருந்து நண்பகல் வரை நல்ல நேரம். உச்சி வெயிலில் உலோகம் சுடும்போது அடித்தால் மேல்தோல் சட்டென்று காய்ந்து, உள்ளே அடைபட்ட தின்னர் குமிழாக வெடிக்கும். பருவ இடைக்காலமான ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை வழக்கம். பிற்பகலில் தொடங்காதீர்கள்.

5. எப்பாக்சி பிரைமர்

எவ்வளவு வாங்குவது? ஒரு லிட்டர் பரவும் சதுர மீட்டர் = 10 × திடப்பொருள் சதவீதம் (காய்ந்தபின் மிஞ்சும் கன அளவு) ÷ காய்ந்த கனம் மைக்ரானில். 50 சதவீதத் திடப்பொருளும் 50 மைக்ரான் கனமும் என்றால் லிட்டருக்கு 10 சதுர மீட்டர். 25 மி.மீ. சதுரக் குழாயின் சுற்றளவு 0.1 மீட்டர், அதில் 40 மீட்டர் உள்ள கேட்டுக்கு 4 சதுர மீட்டர். கணக்குப்படி 0.4 லிட்டர், கம்பிகளில் பிரஷ் வேலைக்குச் சிந்தலும் சேர்த்து 0.6 லிட்டர் வையுங்கள். ஈரமாக அடிக்க வேண்டிய கனம் 100 மைக்ரான். தின்னர் ஊற்ற ஊற்றக் காய்ந்த கனம் குறையும், லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

இரண்டு டின்னையும் அடியிலிருந்து தனித்தனியாகக் கலக்கி, லேபிள் சொல்லும் விகிதத்தில் கோப்பையால் அளந்து ஒன்றாக்குங்கள். கண்ணால் மட்டம் பார்த்து ஊற்றுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. பிசினை இறுக வைக்கும் இரண்டாவது டின்னான கடினமாக்கி குறைந்தால் பிசுபிசுப்பு போகாது, கூடினால் நொறுங்கும். பிறகு சேர்க்க முடியாத வேதிவினை இது. டின்னில் போட்டிருக்கும் பயன்பாட்டு நேரம் (கலந்தபின் அடிக்கக்கூடிய நேரம்) பெரும்பாலும் 20 அல்லது 25 டிகிரிக்கு. நம் வெயிலில் அது வெகுவாகக் குறையும். ஆகவே அரை மணிக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். கையுறை கட்டாயம், எப்பாக்சி தோலில் தொடர்ந்து பட்டால் வாழ்நாள் ஒவ்வாமை வரலாம்.

முதலில் ஓரங்கள், மூட்டுகள், ஆணித்தலைகளுக்கு மட்டும் பிரஷால் ஒரு கை. கூரான விளிம்பில் ஈரச் சாயம் தன் இழுவிசையால் பின்வாங்கி மெலிந்துவிடும், துரு முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். பின் மொத்தமும் ஒரு சீராக.

6. மேல்பூச்சு

எப்பாக்சி வெயிலில் சுண்ணாம்பு மாதிரித் தூளாகும், ஆகவே மேல்பூச்சு இல்லாமல் விடக்கூடாது. இப்போது ஆல்கைட் இனாமல் அடிக்கலாம், துத்தநாகத்தை அது தொடாது. லேபிளில் மறுபூச்சுக்குக் குறைந்த நேரம், அதிக நேரம் என்று இரண்டு இருக்கும். அதிக நேரம் கடந்துவிட்டால் பிரைமர் முழுதாக இறுகிவிடும், 240 தாளால் தேய்த்த பிறகே அடியுங்கள்.

மழை இரவுக்குப் பின் பிரைமர் மேல் எண்ணெய் மாதிரி வழவழப்பு தெரிந்தால், கடினமாக்கியிலுள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து மேலே வந்திருக்கிறது. தின்னரால் துடைத்தால் பரவும், போகாது. வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி அலசிக் காயவிடுங்கள். இனாமல் மெல்லியதாக இரண்டு கை.

7. பிடிப்பைச் சோதித்தல்

வாங்கி வைத்த துண்டின் ஒரு பாதியை மேலே சொன்னபடிக் கழுவித் தயாரித்து, மறு பாதியைக் கடையிலிருந்து வந்தபடியே விட்டு, கேட்டோடு சேர்த்தே இரண்டுக்கும் சாயம் அடித்திருக்க வேண்டும். ஒரு வாரம் காயட்டும்.

சாயப் பிடிப்பைச் சோதிக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2409 முறை: புது பிளேடால் உலோகம் தெரியும் ஆழத்துக்கு ஆறு கோடுகள், குறுக்கே ஆறு, 25 கட்டங்கள். மொத்தக் கனம் 61 முதல் 120 மைக்ரானுக்குள் என்றால் இடைவெளி 2 மி.மீ., 121 முதல் 250 வரை 3 மி.மீ. மென்பிரஷால் தூசியைத் தட்டி, நல்ல ஒட்டு டேப்பை அழுத்தித் தேய்த்து, ஐந்து நிமிடத்துக்குள் சுமார் 60 டிகிரி சாய்வில் ஒரே சீராக இழுங்கள். எதுவும் வரவில்லை என்றால் தரம் 0. கட்டப் பரப்பில் 5 சதவீதம் வரை போனால் 1, 15 வரை 2, 35 வரை 3, 65 வரை 4, அதற்கு மேல் 5. நம் கேட்டுக்கு 0 அல்லது 1 வேண்டும். அமெரிக்க ஏஎஸ்டிஎம் முறையில் எண் தலைகீழ், அங்கே 5பி தான் சிறந்தது. டேட்டா ஷீட் படிக்கும்போது குழம்பாதீர்கள்.

உலர்ந்த நிலையில் பழுதான பூச்சும் தேறிவிடக்கூடும். அதனால் துண்டை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து, புது இடத்தில் மறுபடி வெட்டி இழுங்கள். மழைநாட்டில் நமக்கு முக்கியம் இந்த ஈரப் பிடிப்புதான். கழுவாத பாதியில் கட்டங்கள் டேப்போடு வந்து, கழுவிய பாதியில் அசையாமல் நின்றால் உங்கள் தயாரிப்பு வேலை செய்திருக்கிறது. இரண்டு பாதியும் வந்தால் டேப்பில் ஒட்டிய சாயத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரைமரின் நிறம் தெரிந்தால் உலோகத்திலிருந்தே கழன்றது, கழுவலையும் கலவை விகிதத்தையும் சந்தேகியுங்கள். இனாமல் நிறம் மட்டும் தெரிந்தால் பிரைமர் நிற்கிறது, மறுபூச்சு நேரம் தப்பியிருக்கிறது அல்லது அமீன் வழவழப்பைக் கழுவவில்லை.

கேட்டில் பின்னாளில் கீறல் விழுந்தால் இனாமலை மட்டும் தொட்டு அடைக்காதீர்கள், அங்கே ஆல்கைட் மறுபடி துத்தநாகத்தைத் தொட்டுவிடும். கீறலின் ஓரத்தைத் தேய்த்துச் சரிவாக்கி, கழுவி, உலர்த்தி, எப்பாக்சி ஒரு தொடு, அதன்மேல் இனாமல்.