"மதர்போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டார்களா? இப்படிப் பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்காளின் லேப்டாப்புக்குப் பத்து வயது. ஒரு நாள் சாயங்காலம் இடி இடித்து ஓய்ந்த பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. கடையில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் தாய்ப்பலகை) போச்சு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் அதைச் சொல்லவே முடியாது. வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால்தான் தெரியும்.

சாமான் அதிகம் வேண்டாம். மின்சாரத்தை அளக்கும் மல்ட்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூடிரைவர் செட், சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். புடு பக்கம் ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழகுவதற்கு ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் மீட்டரே போதும்.

1. அடாப்டர். இடிக்கு முதலில் அடிவாங்குவது இதுதான். மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வையுங்கள். 20-இல் வைத்தால் சில அடாப்டர்களுக்கு வெறும் '1' காட்டிக் குழப்பும். லேப்டாப்பில் குத்தும் பின்னின் உட்சுவரில் மீட்டரின் சிவப்பு முனை, வெளிச்சுவரில் கறுப்பு முனை. அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவை (19 அல்லது 19.5 போல) ஒட்டி வந்தால் சரி.

2. மிச்ச மின்சாரம். அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் மாட்டிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ நெம்பவோ கூடாது.

3. ரேம் (தற்காலிக நினைவகப் பட்டை). விளக்கோ மின்விசிறியோ உயிரோடு இருந்து திரை மட்டும் இருட்டாக இருந்தால், ரேமைக் கழற்றித் துடைத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

4. டிஸ்க்கை வெளியே எடுங்கள். போர்டில் கை வைப்பதற்கு முன்பே. 2.5 அங்குல சாட்டா டிஸ்க் என்றால் யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் படங்களை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி வேண்டும்.

5. போர்டு. இங்கேதான் பொறுமை வேண்டும். அடாப்டர், பேட்டரி இரண்டும் கழன்றிருக்கட்டும். மீட்டரை 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வைத்து, கறுப்பு முனையை ஸ்க்ரூ ஓட்டையின் வளையத்தில் வையுங்கள். அதுதான் கிரவுண்ட். சிவப்பு முனையால் சார்ஜர் குத்தும் இடத்தருகே இருக்கும் பழுப்பு நிறக் கெப்பாசிட்டர்களின் (மின்னைத் தேக்கிவைக்கும் குட்டிப் பாகங்கள்) இரண்டு முனைகளையும் தொடுங்கள். ஒரு முனை கத்தும், அது இயல்பு. இரண்டு முனையும் விடாமல் கத்தினால் அந்தப் பாதையில் ஷார்ட், அதாவது மின்சாரம் நேராகக் கிரவுண்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் சிபியுவைச் சுற்றியுள்ள காயில்களில் மீட்டர் கத்துவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அங்கே மின்தடை இயல்பாகவே மிகக் குறைவு. நானே அதைப் பார்த்து ஒரு ராத்திரி வீணாக்கினேன்.

ஒரே பாதையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் எல்லாமே சேர்ந்து கத்தும். குற்றவாளி எது? நண்பரிடம் பெஞ்ச் பவர் சப்ளை (வேண்டிய வோல்ட்டை வைத்துக் கொடுக்கும் கருவி) இருந்தது. அந்தப் பாதையில் 1 வோல்ட் மட்டும் கொடுத்து, மேலே ஆல்கஹாலைத் தடவினோம். பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. போர்டு முழுக்க ஈரமாகப் பளபளத்தது. ஓர் அரிசியைவிடச் சின்னதான ஒரு கெப்பாசிட்டரின் தலை மட்டும் சட்டென்று காய்ந்துவிட்டது. சூடாவது அதுதான். இரண்டு பக்க ஈயத்தையும் உருக்கி அதை எடுத்தோம். ஷார்ட் போய்விட்டது. ஒரே பாதையில் பல கெப்பாசிட்டர் இருக்கும்போது ஒன்று குறைந்தாலும் மற்றவை பெரும்பாலும் சமாளிக்கும்.

அடாப்டரை மாட்டினோம், சார்ஜ் விளக்கு எரிந்தது, விசிறியும் சுற்றியது. திரை மட்டும் வரவில்லை. ரேமை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை.

இந்த இடத்தில்தான் பலர் போர்டை ஓவனில் வைத்துச் சுடுகிறார்கள். வேண்டாம். சில நாளைக்கு உயிர் வந்தாலும் நிலைக்காது. பிளாஸ்டிக் கனெக்டர்கள் உருகும், அப்புறம் அதே ஓவனில் யார் பிஸ்கட் சுடுவது?

இரண்டு சாயங்காலத்தோடு நிறுத்திக்கொண்டேன். அக்காளுக்கு வேண்டியது படங்கள்தான், அவை நாலாம் படியிலேயே வந்துவிட்டன. ரேம் அத்தானின் கணினிக்குப் போனது. போர்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, ஈயம் வைத்துப் பழக.