விண்டோஸில் ஒளிந்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைத் திறப்பது எப்படி?

புதுக் கணினியில் நாம் முதலில் உருவாக்கும் கணக்கே நிர்வாகி கணக்குதான். ஆனாலும் முக்கியமான வேலை எதுவென்றாலும் "அனுமதிக்கலாமா?" என்று திரையை மங்கலாக்கி நம்மைக் கேட்கும். கேட்காமலே எல்லாம் செய்யும் இன்னொரு கணக்கும் உள்ளே இருக்கிறது. அதன் பெயரே அட்மினிஸ்ட்ரேட்டர். விஸ்டா காலத்திலிருந்து, அதாவது 2007 முதல், அதை முடக்கி வைத்துத்தான் தருகிறார்கள்.

உண்மையில் பலருக்கு இது தேவையே இல்லை. ஒரு புரோகிராம் அடம்பிடித்தால், ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தாலே போதும். என் அண்ணன் மகளின் லேப்டாப்பில் அவள் கணக்கே பழுதாகி, டெஸ்க்டாப் துடைத்து வைத்ததுபோல் வந்தது. அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் இது.

சரி, ஆரம்பிக்கலாம். இப்போது நீங்கள் இருப்பது நிர்வாகி உரிமையுள்ள கணக்காக இருக்க வேண்டும்.

1. தேடல் பெட்டியில் கமாண்ட் பிராம்ப்ட் என ஆங்கிலத்தில் தட்டுங்கள். வருவதை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் 'சிஸ்டம் எரர் 5' என்று முகத்தில் அடித்துவிடும்.

2. முதலில் பாஸ்வேர்டு. நெட், யூசர், அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு அடித்து, இன்னோர் இடைவெளிக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி போட்டு என்டர் தட்டுங்கள். பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது, கர்சரும் நகராது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பதறாமல் அடித்து முடியுங்கள். இரண்டாம் முறையும் கேட்கும்.

3. அதே மூன்று சொற்கள், ஓர் இடைவெளி, பிறகு இடைவெளியே இல்லாமல் முன்சாய்வுக் கோடு, ஆக்டிவ், முக்காற்புள்ளி, எஸ். கடைசிச் சொல் 'ஆம்' என்பதற்கான ஒய், ஈ, எஸ் மூன்றெழுத்து. 'கமாண்ட் கம்ப்ளீட்டட் சக்ஸஸ்ஃபுல்லி' என்று வந்தால் கணக்கு உயிர்பெற்றுவிட்டது.

அப்புறம் சைன் அவுட் செய்தால், திரையின் இடது கீழ் மூலையில் அட்மினிஸ்ட்ரேட்டர் பெயர் நிற்கும். முதல் லாகின் கொஞ்சம் இழுக்கும், காத்திருங்கள்.

புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் வழியாகப் போய், 'அக்கவுன்ட் இஸ் டிசேபிள்டு' என்ற டிக்கை எடுத்தும் இதைச் செய்யலாம். ஹோம் பதிப்பில் அந்த வழி கிடையாது.

இந்தக் கணக்கில் இணையம் மேயாதீர்கள். தவறான ஃபைல் ஒன்றைத் திறந்தாலும் தடுத்துக் கேட்க ஆள் இல்லை. வேலை முடிந்ததும் உங்கள் கணக்குக்குத் திரும்பி, மூன்றாம் படியையே செய்யுங்கள். கடைசியில் மட்டும் எஸ்ஸுக்குப் பதில் 'நோ'. அதற்கு முன், அந்த டெஸ்க்டாப்பில் எதையாவது சேமித்திருந்தால் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். அண்ணன் மகளின் ஃபோட்டோக்களை மீட்டு அங்கேயே வைத்துவிட்டு, கணக்கை மூடியபின் அரைமணி நேரம் தேடினேன்.