முதல் வருட பிஜிக்கு (மருத்துவ மேற்படிப்பு மாணவருக்கு): மெடிக்கல் வார்டு ராத்திரி டியூட்டி பார்ப்பது எப்படி

அட்மிஷன் நாளில், அதாவது உங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாளில், வார்டுக்குள் நுழைந்ததும் கேஸ் ஷீட்டைப் புரட்டாதீர்கள். நேரே சிஸ்டரிடம் போய், "யாரைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்கு சிஸ்டர்?" என்று கேளுங்கள். பி.பி., பல்ஸ் எல்லாம் சரியாகவே இருக்கும். சாயங்காலம் நன்றாகப் பேசிய மனுஷன் இப்போது போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறார் என்பது சிஸ்டர் கண்ணில்தான் பட்டிருக்கும்.

ராத்திரி 2 மணிக்கு ஏ.பி.யை (உதவிப் பேராசிரியரை) எழுப்பத் தயங்க வேண்டாம். ஆனால் கதை சொல்லாதீர்கள். "சார், பாம்புக்கடி, ரெண்டு இமையும் தொங்குது, மூச்சுக்கு டியூப் போட வேண்டி வரும், நீங்க வரணும்." வயசு, ஊர், யார் ரெஃபர் செய்தார்கள் என்பதெல்லாம் அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

பாம்புக்கடி என்றதும் ஒன்று. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை (அதற்குள் ரத்தம் உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள்) பரீட்சையில் எல்லோரும் எழுதிவிடுவோம். வார்டில் அது கெடுவது ரத்தம் விடும் டியூபால். சோப்புப் போட்டுக் கழுவிய டியூபில் நல்ல ரத்தம்கூட உறையாமல் கிடக்கலாம். பிளாஸ்டிக்கும் ஆகாது. புதுக் கண்ணாடி டியூப் நாலைந்து எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். 2 மில்லி ரத்தம் விட்டு, நேரத்தை பிளாஸ்டரில் எழுதி ஒட்டி, யார் கையும் படாத இடத்தில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) வந்து சாய்த்துப் பார்ப்பார், கட்டாயம் பார்ப்பார், எச்சரித்து வையுங்கள்.

விஷமுறிவு மருந்து ஏற்றுவதென்று முடிவானால், முதல் சொட்டு இறங்கும் முன் அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். தொடக்க அளவு 10 குப்பி என்றால் குழந்தைக்கும் அதே 10தான். சின்னப் பிள்ளை என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை.

தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்தால், மேலே பார்க்கச் சொல்லி இமை தொங்குகிறதா என்று கவனியுங்கள். கட்டுவிரியன் கடித்த தடம் பல நேரம் தெரியவே தெரியாது.

காலை ரவுண்ட்ஸில் சீஃப் பொட்டாசியம் கேட்டு, நீங்கள் பார்த்திருக்காவிட்டால், "பார்க்கலை சார்" என்று சொல்லிவிடுங்கள். திட்டு இரண்டு நிமிஷத்தில் முடியும். "நார்மல் சார்" என்று அடித்துவிட்டு மாட்டினால், மூன்று வருஷமும் நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் அவர் இன்னொருவரை விட்டுச் சரிபார்ப்பார்.

அட்டெண்டர்களிடம் (நோயாளியோடு வந்த சொந்தக்காரர்களிடம்) கும்பலாக நின்று பேச வேண்டாம். முடிவெடுப்பவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் அது பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் மகன் இல்லை, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் தாய்மாமன். அவர் வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். யாரிடம், என்ன, எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.