இரண்டுபட்ட ஊரில் சந்தையைக் காப்பது எப்படி: வஜீர் பெண்களின் வழி

ஊர் இரண்டுபட்டிருந்தால் எடுத்த எடுப்பில் சமாதானக் கூட்டம் போடாதீர்கள். சந்தையில் தொடங்குங்கள். கென்யாவின் வடகிழக்கில் உள்ள வஜீரில் 1990களின் தொடக்கத்தில் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். அங்கே மோதிக்கொண்டவர்கள் எல்லாருமே சோமாலிகள், இஸ்லாமியர்; பகை குலத்துக்குக் குலம். ஒரு குலத்துப் பெண் கொண்டுவந்த சரக்கை அடுத்த குலத்துப் பெண் தொடமாட்டாள். வஜீரைச் சேர்ந்த, பின்னாளில் சமாதானப் பணியாளராக அறியப்பட்ட தெகா இப்ராஹிம் அப்தியும் தோழிகளும் கூடிப் பேசியது இந்தக் கட்டத்தில்தான்.

1. சந்தைக் குழுவில் குலத்துக்கு இரண்டு பேர். பெரிய குலம் என்பதற்காகக் கூடுதல் இடம் தராதீர்கள். சந்தையில் தினமும் உட்காருகிறவர்களாக இருக்கட்டும்.

2. ஒரே விதி: எந்தக் குலத்துப் பெண்ணும் பயமில்லாமல் வாங்கலாம், விற்கலாம். யார் முதலில் அடித்தது என்ற பேச்சை இங்கே எடுக்கவே கூடாது.

3. காவலுக்கு ஆள் போடுங்கள். பாலை வாங்க மறுப்பது, தராசைத் தட்டிவிடுவது எல்லாம் புகார்தான். அன்று மாலைக்குள் தீர்த்துவையுங்கள். ராத்திரி தாண்டினால் புகார் ஆண்கள் கைக்குப் போய்விடும். பதிவுக்கு நோட்டுப்புத்தகம் போதும். வாட்ஸ்அப் குழு வேண்டாம், வதந்திக்கு அதுவே வண்டி.

4. பெரியவர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். செல்வாக்குள்ள குலத்தின் தலைவரைப் பேச அழைத்தால், மற்றவர்கள் சலாம் சொல்லும்போதே சந்தேகப்படுவார்கள். வஜீரில் மிகச் சிறிய குலத்தின் பெரியவரைப் பேசவைத்தார்கள். அவரால் யாருக்கும் ஆபத்தில்லை, அதனால் எல்லாரும் காதுகொடுத்தார்கள். பெண்கள் முன்னால் வரவில்லையே என்று ஆதங்கப்படலாம். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. 1993இல் குலங்களுக்கிடையே அல்ஃபதா என்ற சமாதான உடன்படிக்கை பிறந்தது இப்படித்தான்.

5. இளைஞர்கள், அதிகாரிகள், எம்.பி.க்கள். இவர்களைக் கடைசியில் சேருங்கள். துப்பாக்கியைக் கீழே வைக்கும் பையனுக்குப் பிழைப்பு என்ன என்ற கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே பதில் வைத்திருங்கள்.

பிற்சேர்க்கை: உடன்படிக்கைக்குப் பிறகும் ஆடு மாடு திருட்டும் கொலையும் நடக்கும். செய்தி வந்ததும் கிளம்ப ஒரு குழு தயாராக இருக்க வேண்டும், வஜீரிலும் வைத்திருந்தார்கள். வண்டி நகருமுன் உள்ளே எட்டிப் பாருங்கள். ஒரே குலத்தார் மட்டும் போய் இறங்கினால், படையெடுத்து வந்ததாகத்தான் நினைப்பார்கள்.