சாக்கெட்டில் செய்தி எங்கே முடிகிறது?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்கு விலை அனுப்ப ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இரு கணினிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் இணைப்பு முனையான சாக்கெட் வழியாக விலை போகும். 'மல்லி|800' என்று ஒரு வரி, கடைசியில் புதுவரிக் குறி. என் லேப்டாப்பில் ஒரு பிசகும் இல்லை. மார்க்கெட்டில் மொபைல் டேட்டாவில் ஓடியபோது ஒரு கடையின் திரையில் மல்லி கிலோ 80 ரூபாய் என்று வந்துவிட்டது. 'மல்லி|80' முதலில் வந்திருக்கிறது, கடைசிப் பூஜ்யம் பின்னால் வந்திருக்கிறது. ஒருமுறை படித்ததில் வந்ததே முழுச் செய்தி என்று எடுத்துக்கொண்டது என் தவறு.

பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இதுதான். சாக்கெட்டுக்கு அடியில் தரவைக் கொண்டுபோகும் இணைய விதிமுறையான டிசிபி, பைட்டுகளை வரிசை மாறாமல் சேர்க்கும்; செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. நீளமாகத் தொடுத்த பூச்சரம் மாதிரி அது, முழம் போட்டு நறுக்குவது நம் வேலை. பாதிச் செய்தி வரலாம், இரண்டரையும் வரலாம். வந்ததை பஃபரில் (தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் நினைவகத்தில்) சேர்த்து, புதுவரி வரை உள்ளதை மட்டும் எடுங்கள். மீதியைத் தூக்கி எறிந்தால் அடுத்த செய்தியின் தலை அதோடு போய்விடும்.

தமிழ் அனுப்பும்போது இன்னொரு கவனம் வேண்டும். 'மல்லி' கண்ணுக்கு மூன்று எழுத்து, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 5 குறியீடு, அந்த எண்களைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். வந்த துண்டை உடனே எழுத்தாக்கினால் 'ம' பாதியில் அறுபடலாம். முதலில் பைட்டாகவே பிரியுங்கள், அப்புறம் எழுத்தாக்குங்கள். யூடிஎஃப்-8இல் புதுவரியின் பைட் வேறெந்த எழுத்துக்குள்ளும் வராது, அதனால் பயமில்லை. புதுவரிக்குப் பதில், செய்தி எத்தனை பைட் என்ற நீளத்தை முன்னால் அனுப்பும் முறையில் போகிறீர்களா? சரி, அங்கே 15 என்று அனுப்புங்கள், 3 என்றோ 5 என்றோ அல்ல.

பூவின் பெயரிலேயே யாராவது '|' குறியையோ புதுவரியையோ தட்டிவிட்டால்? அப்படி வராது என்று நம்பக்கூடாது. இதற்கு மின்னஞ்சலில் ஒரு வழி உண்டு. மடல்களை அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபியில் தனிப் புள்ளி மட்டும் உள்ள வரி மடலின் முடிவு. ஆகவே புள்ளியில் தொடங்கும் வரிக்கு அனுப்புகிற பக்கம் இன்னொரு புள்ளி சேர்க்கும், பெறுகிற பக்கம் அதை எடுத்துவிடும். முடிவுக் குறியைச் சர்வர்கள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டதால், ஒரு மடலுக்குள் போலி மடலை ஒளித்து அனுப்ப முடியும் என்று 2023இல் வெளிப்பட்டது. குறி துல்லியமாக இல்லாவிட்டால் மறுத்துவிடுங்கள்.

வரிக்கு உச்ச அளவும் வையுங்கள். புதுவரியே வராவிட்டால் பஃபர் வளர்ந்துகொண்டே போகும். இணைப்பு அறுந்தபோது மிச்சமிருப்பது முடியாத செய்தி, அதை விலையாகக் காட்டாதீர்கள்.

இப்போதெல்லாம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு செய்தியை ஒவ்வொரு பைட்டாகவும், பத்துச் செய்திகளை ஒரே மூச்சிலும் அனுப்பிப் பார்க்கிறேன். இரண்டிலும் 800 என்றே வர வேண்டும்.